நீலப் புள்ளி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

மூன்று முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் படம் வந்தது. வீடு பற்றி எரிகிறது என்று எழுதினாலும் உன்னிடமிருந்து கட்டைவிரல்தான் வரும்போல. கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். நீ கிளம்பிய அன்று நான் சொன்னதற்கு இன்னும் கோபமா? "பெட்டி கட்ட உனக்கு ஒரு நாள் போதும், எனக்கு ஆயுசு முழுக்க இங்கதான்" என்றேன். சொன்னது சொன்னதுதான். திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

காகிதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. போனில் எதையும் பேசக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டிருக்கிறார். போன வாரம் அவர் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டதாம். யாரோ அவரைக் கண்காணிக்கிறார்கள் என்று எச்சரிக்கை வந்ததாம். அதிலிருந்த பட்டனை அமுக்கி, கார்டு எண்ணைக் கொடுத்து, ஏதோ பாதுகாப்பு மென்பொருளை வாங்கிவிட்டார். அதோடு நிம்மதி வந்ததா என்றால் இல்லை. போனைப் பழைய காலுறைக்குள் திணித்து பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறார். வெளியே போகும்போது மட்டும் காலுறையோடு சட்டைப்பைக்குள் போகிறது. "எவன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்" என்று ஜன்னல் திரையை இழுத்து விடுகிறார்.

காலுறைக்குள் இருந்தாலும் புள்ளி தெரிகிறது. செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவருக்கு இரத்தம் எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தியபடியே என் போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே தெருவில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. லேப்பில் பொய் சொல்லிவிட்டு ஓடினேன். தற்செயலாகப் பார்த்ததுபோல், "என்னப்பா, இங்க?" என்றேன்.

"சும்மா, காத்து வாங்க வந்தேன்" என்றார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

முப்பத்தொரு வருடம் பதினேழாம் எண் பஸ் ஓட்டிய மனிதரிடம் "உங்களுக்கு வழி மறந்துபோகிறது" என்று யார் சொல்வது? உனக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அதனால்தான் நீ போகிற அன்று, அவர் இருக்கும் இடத்தை என் போனில் புள்ளியாகக் காட்டும் அந்தச் செயலியை அவர் போனுக்குள் ஒளித்து வைத்தாய்.

நீ பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியில்தானே இருக்கிறாய். "என் பையன் ஊருக்கே பூட்டுப் போடுறான்" என்று எதிர்வீட்டு டெய்லரிடம் அளக்கிறார். நீ நாலு வரி எழுதினால் நம்புவார். எனக்குத் தனியாக எழுதுவதானால் லேப் முகவரிக்குப் போடு.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

கோபமெல்லாம் இல்லை. வேலை. நம்பினால் நம்பு.

அப்பாவிடம் சொல், அது எச்சரிக்கை இல்லை, விளம்பரம். சிவப்பாக இருப்பதெல்லாம் ஆபத்து என்றால் தக்காளி வாங்க முடியாது. அவர் போனைத் திறந்து எவன் என்ன எடுக்கப்போகிறான், வானிலை அறிக்கையையா?

ஒன்று சொல்ல வேண்டும். நான் இருப்பது மென்பொருள் செய்கிற கம்பெனி இல்லை. செய்கிறவன் வேறு எங்கோ இருக்கிறான். நாங்கள் அதற்கு இணையத்தில் விளம்பரம் ஓட்டுகிறோம். விளம்பரத்தின் வாலில் எங்கள் எண் ஒட்டியிருக்கும். அந்த வழியாக வந்து வாங்கும் ஒவ்வொரு தலைக்கும் எங்களுக்குப் பங்கு. தரகு வேலைதான். ஆனால் வீட்டுத் தரகர் அந்த வீட்டை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருப்பார். நான் விற்கும் சரக்கை இதுவரை என் போனில் போட்டுப் பார்த்ததில்லை. அப்பா சொல்லிக்கொள்ளட்டும், பரவாயில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நீளமான மேசை, நாற்பது பேர், எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று. சுவரில் இரண்டு பெரிய திரை. இந்த நிமிடம் எத்தனை பேர் பட்டனை அமுக்கினார்கள் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் டீம் லீடருக்குக் கடிகாரம் என்று பெயர். "சலுகை முடிய இன்னும் நான்கு நிமிடம்" என்று திரையில் ஓடுமே, அந்த யோசனை அவருடையது. அந்த நான்கு நிமிடம் முடிவதே இல்லை. முடிந்ததும் மறுபடி நான்கிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரு உதவி செய். அந்தச் சிவப்புத் திரையில் என்ன எழுதியிருந்தது என்று அப்பாவிடம் கேட்டு, வார்த்தை மாறாமல் எழுது. பட்டன் என்ன நிறம் என்றும். சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

அப்பா அதை டைரியில் எழுதி வைத்திருக்கிறார், டிரிப் ஷீட் எழுதிய பழக்கத்தில், நேரத்தோடு. காலை 10.40. பட்டன் பச்சை. வாசகம் இது:

"வீட்டுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் சட்டைப்பையில் ஒரு கதவு திறந்தே கிடக்கிறது. நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று இந்த நிமிடம் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

மூன்று தாழ்ப்பாள். பக்கத்து வீட்டில் திருடு போன மறுநாள் அப்பா சுத்தியலோடு நின்றது ஞாபகம் இருக்கிறதா? வந்தவர்கள் வெளியே நின்று டக், டக், டக் என்று மூன்று சத்தம் கேட்ட பிறகுதான் நம் முகத்தைப் பார்ப்பார்கள். நம் வீட்டைத் தவிர மூன்று தாழ்ப்பாள் போட்ட கதவை நான் எங்கும் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாயா? யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. நீயே சொல்.

அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. அப்பா போனைத் தெருமுனை போன் கடைக்குக் கொண்டுபோய், அந்த மென்பொருளில் முழுச் சோதனை ஓட்டச் சொல்லியிருக்கிறார். "உளவுச் செயலி: 1 கண்டுபிடிக்கப்பட்டது" என்று வந்திருக்கிறது. கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லாதவர். "ஐயா, இது திருடன் வெச்சதில்ல. வீட்டு ஆளுங்கதான் இப்படி வெப்பாங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் வேலை முடிந்து வந்தேன். அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்தார். இரண்டு தட்டு வைத்திருந்தார். தண்ணீர்கூட ஊற்றி வைத்திருந்தார்.

"யாரும்மா வெச்சது?"

"நான்தான்ப்பா."

"எதுக்கு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா, நீங்கள் தொலைந்துபோகிறீர்கள் என்று. தினம் நாற்பது பேர் கையில் ஊசி குத்துகிறேன், எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் குத்த முடியவில்லை.

"கண்டக்டருக்குத் தெரியுமா?" என்றார். இவ்வளவு வயதாகியும் உனக்கு அந்தப் பெயர்தான். லீவு நாளில் அவர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு விசில் ஊதிய பயல்தான் நீ அவருக்கு.

"தெரியாதுப்பா" என்றேன். ஏன் உன்னைக் காப்பாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பிள்ளையாவது யோக்கியமாக இருக்கட்டும் என்று தோன்றியது.

"ஊரையே ஏத்தி எறக்கினவன்மா நான். என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாத்துட்டு இருந்தியா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புள்ளியை எடுத்துவிட்டார். இனிமேல் யாரும் எதையும் போட முடியாதபடி அந்த மென்பொருளுக்கு ஒரு கடவுச்சொல் வைத்திருக்கிறார். எனக்குச் சொல்ல மாட்டாராம். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்த பிறகு போனை டப்பாவிலேயே விட்டுவிட்டு முன்பைவிட அதிக தூரம் நடக்கிறார். என் போனைத் திறந்தால் வரைபடத்தில் தெருக்கள் இருக்கின்றன, அவர் இல்லை.

வா. வந்து நீதான் வைத்தாய் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல். நீ சொன்னால் திரும்பப் போட விடுவார்.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

நான்தான் எழுதினேன்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை ஆரம்பித்துக் கிழித்தேன். ஊரை ஏமாற்ற ஒரு மணி நேரத்தில் முப்பது வரி எழுதுகிறவன் நான்.

எங்கள் வேலை இப்படி. ஒரே சரக்குக்கு இரண்டு வாசகம் எழுதி, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடுவோம். எது அதிகம் பயமுறுத்துகிறதோ அது நிற்கும், மற்றது குப்பைக்குப் போகும். நின்றதற்கு எதிராக இன்னொன்று எழுதுவோம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவு என்னுடையது. "பயந்தவன் யோசிக்க மாட்டான்யா, யோசிச்சவன் வாங்க மாட்டான்" என்பார் கடிகாரம். என் வாசகங்கள் தோற்றுக்கொண்டே இருந்தன. பயந்த மனிதர் ஒருவரை நினைத்து எழுது என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பயந்த மனிதர் ஒருவர்தான். அவர் சுத்தியலோடு நின்றதை எழுதினேன். அன்று மத்தியானத்துக்குள் சுவர்த் திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் சிரித்தேன், அக்கா. அதை மறைக்கப்போவதில்லை.

"சிறந்த பத்துப் பாதுகாப்பு மென்பொருள்கள்" என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். ஒன்றைக்கூட யாரும் சோதித்ததில்லை. யார் அதிகப் பங்கு தருகிறானோ அவன் முதல் இடம். அதைப் பரிந்துரைக்கும் வல்லுநரின் முகம் விலைக்கு வாங்கிய படம், பெயர் நான் வைத்தது. "கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்காதீர்கள், பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதீர்கள்" என்று அந்த வல்லுநர் அறிவுரை சொல்கிறார். அந்த வல்லுநரும் நான்தான். இருபத்தாறு வயது, வாடகை அறை, ஊரில் இருக்கும் அப்பாவுக்கு வாரம் ஒரு போன்கூடப் பேசாதவன்.

எது என்னை அரிக்கிறது தெரியுமா? லட்சக்கணக்கான பேரிடம் ஒரே பொய்யைச் சொன்னோம். யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் அது நிஜம். அந்த வீட்டில் அதை ஒளித்து வைத்தவனும் நான், காட்டிக் கொடுத்தவனும் நான். அவர் பட்டனை அமுக்கிய அன்று அதற்கான பங்கும் என் பக்கம்தான் வந்திருக்கும்.

வருகிறேன். ஆனால் மார்ச் பதினைந்து வரை லீவு கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதுவரை அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. நானே வந்து சொல்கிறேன். கடிதத்தில் சொன்னால் கோழைத்தனமாக இருக்கும்.

தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

பதினைந்தாம் தேதிவரை அப்பா உனக்காகத் தொலையாமல் இருக்க வேண்டும், இல்லையா? லீவு கிடையாதாம். எங்கள் லேப்பிலும் கிடையாது. போன மாதம் எட்டு முறை ஓடியிருக்கிறேன், எட்டு முறையும் சம்பளத்தில் பிடித்தார்கள். நேற்று அப்பாவைத் தபால்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். "ஐயா எங்கூடப் பேசிட்டே நடந்து வந்துட்டாரு" என்று மரியாதையாகச் சொன்னார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. உன் கடிதத்தை அவரிடம் முழுவதும் படித்துக் காட்டிவிட்டேன். உன்மேல் இருந்த கோபத்தில்தான் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவரே வாங்கி மீதியைப் படித்தார்.

கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

"மூணு தாழ்ப்பாள்னு அவனா எழுதினான்?"

"ஆமாப்பா."

"பரவால்லயே. ஞாபகம் வெச்சிருக்கானே."

அவரைப் பயமுறுத்தி விற்ற வாசகத்தில் அவர் தன் மகனைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிறார்.

கொஞ்சம் கழித்து, "அப்ப ரெண்டு பேரும் கூட்டு. பின்னாடி ஒருத்தன் விசிலு, நடுவுல ஒருத்தி காவலு. வண்டிய ஓட்டறவனுக்குத்தான் ஒண்ணும் தெரியல" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "எனக்கு வழி தெரியலன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அந்த வாக்கியத்தை அவரே சொல்லிவிட்டார். நாம் இரண்டு பேரும் ஒரு வருடமாகச் சுமந்ததை.

புள்ளியைத் திரும்பப் போடலாமா என்று அன்றே கேட்டிருக்கலாம். ஒரே நாளில் அவ்வளவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

அப்பாவைக் காணவில்லை என்று நீ செய்தி அனுப்பிய மூன்றாம் நாள், நீ கூப்பிட்டபோது மீட்டிங்கில் இருந்தேன். எடுத்தேன். இங்கே வந்த பிறகு நீ கூப்பிட்டு நான் எடுத்த முதல் போன் அதுதான். "அப்பா கெடச்சுட்டாரு" என்றாய். நான் முட்டாள், கண் கலங்க "அப்பாடா" என்றேன். நீ அடுத்த வாக்கியத்தைச் சொல்லும்வரை எனக்குச் சில நொடி சந்தோஷம் இருந்தது. அது இன்னும் உடம்பில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் இருந்த ஆறு நாளும் உன்னிடம் தனியாகப் பேச முடியவில்லை. பேசப் பயந்தேன் என்பதுதான் சரி. அடக்கத்தன்று பெரியப்பா வந்தவர்களிடமெல்லாம் "பையன் பாதுகாப்புத் துறையில இருக்கான்" என்றார். நான் தலையாட்டினேன். நீ தண்ணீர்க் குவளையோடு கதவருகே நின்று என்னைப் பார்த்தாய்.

கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா கிடந்த இடத்துக்குத் தனியாகப் போனேன். பதினேழாம் எண் பஸ்ஸின் கடைசி நிறுத்தம். பஸ்ஸை நிறுத்தியே நான்கு வருடம் ஆகிறதாம். கூரைத் தகடு கழன்று தொங்குகிறது, சிமென்ட் பெஞ்சைச் சுற்றிப் புதர். பஸ்ஸும் இல்லை, ஆளும் இல்லை. மூன்றாம் நாள் ஆடு மேய்க்க வந்த பெண் பார்க்காவிட்டால் இன்னும் எத்தனை நாளோ. தெருவெல்லாம் மறந்த மனிதருக்கு அந்த வழி மட்டும் மறக்கவில்லை. ஒரு புள்ளி இருந்திருந்தால் நீ அரை மணி நேரத்தில் போயிருப்பாய். இதை எத்தனை தடவை எழுதினாலும் மாறாது.

திரும்பி வந்ததும் கடிகாரத்திடம் அந்த விளம்பரத்தை எடுக்கச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். எழுந்து வந்து தோளில் கை வைத்தார், உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்புறம், "ஓடுற வண்டிய எவன்யா நிறுத்துவான்?" என்றார். வேலையை விட்டுவிட்டேன். வீரமெல்லாம் இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் வாடகை இருக்கும். வாசகம் இன்னும் ஓடுகிறது. நேற்று என் போனிலேயே வந்தது, சிவப்பாக. நம் கதவு.

எதற்காக அன்று அவர் போனை எடுத்துக்கொண்டு போனார்? டப்பாவிலேயே விட்டிருக்கலாமே. அது மட்டும் எனக்குப் புரியவில்லை. உனக்குத் தெரியுமா?

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

தெரியும். நீ இங்கே இருந்தபோதே தெரியும். சொல்லும் சக்தி இல்லை.

போன் கடைக்காரர் அடக்கத்துக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பா காணாமல் போன அந்தச் சனிக்கிழமை காலை கடை திறந்ததும் அப்பாதான் முதல் ஆளாம். காலுறையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்து, "அன்னிக்கு எடுத்தோமே, என் பொண்ணு பாக்கறது, அதைத் திரும்பப் போட்டுக் குடுப்பா" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம் என்று நான் இருந்தேன் அல்லவா, அதற்கு முதல் நாள்.

கடைக்காரர் முயற்சி செய்திருக்கிறார். மென்பொருள் விடவில்லை. ஆபத்தான செயலி, அனுமதிக்க முடியாது, அனுமதிக்க வேண்டுமானால் கடவுச்சொல் போடு என்று நின்றுவிட்டது. அப்பாவுக்குக் கடவுச்சொல் ஞாபகம் வரவில்லை. "எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

"எழுதி வைக்கக் கூடாதுன்னு போட்டிருந்துதேப்பா" என்றாராம் அப்பா.

டிரிப் ஷீட்டில் நிமிடம் தவறாமல் எழுதிய மனிதர், வாழ்க்கையில் எழுதி வைக்காத ஒரே விஷயம் அதுதான். உன் வல்லுநர் சொன்னதைக் கேட்டார்.

"மகளைக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "சரி, கூட்டிட்டு வரேன்" என்று இறங்கிப் போயிருக்கிறார். லேப் அந்தக் கடையிலிருந்து இடப்பக்கம். அவர் வலப்பக்கம் திரும்பியதைக் கடைக்காரர் பார்த்தாராம். கூப்பிடத் தோன்றவில்லையாம். அதைச் சொல்லி அழுதார். நான் அவரைத் தேற்றினேன். எல்லோரையும் நானே தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவர் என்னைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தார், தம்பி.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் போன் இருந்தது. போன வாரம்தான் சார்ஜ் போட மனசு வந்தது. உயிர் வந்ததும் திரை பச்சையானது. இப்போது தினமும் காலை ஒரு செய்தி காட்டுகிறது. இன்றைக்கு வந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ வார்த்தை மாறாமல் கேட்பாய்: "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். கடந்த 50 நாட்களாக உங்களை யாரும் பின்தொடரவில்லை."

அதை நிறுத்த முடியவில்லை. போனின் பூட்டும் அந்த மென்பொருளிடம்தான், அவர் விரல் வைத்துத் திறப்பார். இனி கடவுச்சொல் மட்டும்தான் வழி. அம்மா உயிரோடு இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. மூன்று முறை தவறினால் எல்லாம் அழிந்துவிடும் என்கிறது. இரண்டு முறை போட்டுவிட்டேன். முதலில் பஸ் எண். இரண்டாவது அம்மாவின் பெயர். இரண்டும் இல்லை.

மூன்றாவது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. விசில் ஊதிய பயலுக்கு அவர் வைத்த பெயர். அதுவாக இருந்தால் எனக்குத் தாங்காது. இல்லாவிட்டால் உனக்குத் தாங்காது.

போனை இந்தக் கடிதத்தோடு காலுறைக்குள் வைத்தே பார்சலில் அனுப்புகிறேன். நீயே போட்டுப் பார்.

அக்கா